கோப்பில் விழாத வரி

இருபத்தோராம் நாள் காலையில் மூன்றாம் பொரிப்பு மெஷினின் கதவைத் திறந்தபோது உள்ளே சத்தமே இல்லை. முதல் இரண்டு மெஷின்களிலும் கதவைத் தொடுவதற்கு முன்பே கீச்சுக் கீச்சென்று காதைத் துளைத்தது. மூன்றாவதில் ஆயிரத்து இருநூறு முட்டைகளில் பெரும்பாலானவை தட்டுத் தட்டாக வைத்தது வைத்தபடி இருந்தன. ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தவை நூற்றுச் சொச்சம். அவற்றுக்கும் எழுந்து நிற்கத் தெம்பில்லை.

அண்ணன் ஒரு முட்டையை எடுத்துத் தட்டின் விளிம்பில் தட்டினார். உள்ளே இறகு முளைத்த குஞ்சு, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. இன்னொன்றை உடைத்தார். அதுவும் அப்படியே. பத்து முட்டை உடைத்த பிறகு கையைத் துடைத்துக்கொண்டார்.

"பதினாலு பதினஞ்சு நாள் வரைக்கும் நல்லாத்தான் வளர்ந்திருக்கு. அப்புறம் யாரோ கழுத்தைத் திருகின மாதிரி நின்னுபோச்சு."

அந்த 'யாரோ' சின்னுவின் காதில் ஒட்டிக்கொண்டது.

சின்னு அவருடைய ஒரே தங்கை, பன்னிரண்டு வயது இளையவள். மாடி அறையில் உட்கார்ந்தபடியே ஒரு மென்பொருள் கம்பெனிக்கு வேலை செய்தாள். அண்ணனின் குஞ்சு பொரிப்பகத்தை நடத்தும் புரோகிராமை இரண்டு வருடத்துக்கு முன்பு எழுதியவளும் அவள்தான். அது நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று மெஷின்களின் சென்சார்களிடமும் சூடு எவ்வளவு என்று கேட்கும். குறைந்தால் ஹீட்டரைப் போடும், ஏறினால் அணைக்கும். செய்ததையெல்லாம் கணினியின் கறுப்பு ஜன்னலில் வெள்ளை எழுத்தில் வரி வரியாகச் சொல்லிக்கொண்டே போகும். பழைய வரிகள் மேலே ஏறி, இரண்டு மணி நேரத்தில் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அவற்றை எங்கும் சேமித்து வைக்க வேண்டும் என்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

பகலில் மெஷின்களைப் பார்த்துக்கொள்வது அண்ணி, இரவில் அண்ணன். பகலில்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று சின்னு அன்றே முடிவு கட்டிவிட்டாள். காரணம், அண்ணி சொன்ன ஒரு விஷயம்.

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றாள் அண்ணி. "மத்தியானம் ஆனா அந்த ஜன்னல்ல சிவப்பா ஒரு வரி வருது. திரும்பத் திரும்ப வருது. எனக்குப் புரியாத வார்த்தை, கடைசியில மூணுன்னு ஒரு நம்பர். மூணு நாலு நாள் பார்த்தேன். இவர்கிட்டச் சொன்னா, எங்க காட்டுங்கறார். இவர் வர்றப்ப அது மேல ஓடிப்போயிடுது."

"சிவப்பா வராது அண்ணி" என்றாள் சின்னு. "எழுதினவ நான். அதுல கலரே கிடையாது."

"அப்ப என் கண்ணுதான் சிவந்து கிடந்துச்சா?"

அண்ணன் சிரிக்கப் பார்த்தார். இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

அடுத்த தொகுதி முட்டைகளைத் தட்டில் அடுக்கிய அன்றைக்கே சின்னு தன் வேலையைத் தொடங்கினாள். புரோகிராமை ஓடவிடும் கட்டளையின் வாலில் ஒரு சின்ன ஒட்டு. ஜன்னலில் ஓடுகிற வரி அத்தனையும் திரையிலும் தெரியும், ஒரு கோப்பிலும் போய் விழும். நாளுக்கு ஒரு கோப்பு, பெயர் அன்றைய தேதி. பழையது அழியாமல் புதிது அடியில் சேர்ந்துகொண்டே போகும். மாடியில் தன் கணினியிலிருந்தே திறந்து பார்த்துக்கொள்ளலாம். அண்ணியிடம் சொல்லவில்லை. சொன்னால் உஷாராகிவிடுவாள் என்று நினைத்தாள்.

மறுநாளே அண்ணி மாடிப்படியில் பாதி ஏறி வந்து நின்றாள்.

"சின்னு, கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் மாத்துனியா?"

"இல்லையே. ஏன்?"

"முன்னெல்லாம் நிமிஷத்துக்கு நிமிஷம் வரி வரும். இன்னிக்கு முக்கால் மணி நேரம் கம்முனு கிடந்துட்டு, அப்புறம் கொத்தாக் கொட்டுது. மறுபடியும் கம்முனு ஆயிடுது."

சின்னுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோப்புக்கும் சேர்த்து அனுப்பும்போது புரோகிராம் வரிகளைக் கையில் சேர்த்து வைத்துக்கொண்டு மொத்தமாகத் தள்ளிவிடும். அதை அவள் மறந்தே போனாள். சேர்க்காமல் உடனுக்குடன் அனுப்பு என்று ஓர் எழுத்தைக் கட்டளையில் போட்டால் தீர்ந்தது. அண்ணி சாப்பிடப் போன நேரத்தில் போட்டுவிட்டாள்.

"இப்ப சரியாயிடுச்சே, தானாவா?" என்றாள் அண்ணி சாயங்காலம்.

"சில சமயம் அப்படி ஆகும்."

அண்ணி 'ம்' என்று மட்டும் சொன்னாள். இந்த ஜன்னலை இவ்வளவு கூர்ந்து எதற்குக் கவனிக்கிறாள் என்று சின்னு யோசித்தாள். மடியில் கனம் இருக்கிறவர்கள்தானே இப்படிப் பார்ப்பார்கள்? தான் சொன்ன பொய் அவளை உறுத்தவே இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் வேன் வந்தது.

வேன் அண்ணியின் அண்ணனுடையது. ஆறு மாதத்துக்கு முன்புதான் அவர் பக்கத்து ஊரில் இரண்டு மெஷின் வாங்கிப் போட்டு இதே தொழிலைத் தொடங்கியிருந்தார். ஒரே தொழிலில் இரண்டு குடும்பம் என்பதை அண்ணன் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து மச்சான் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார். சின்னு மாடி ஜன்னல் வழியே பார்த்தாள். அண்ணி பின்கதவு வழியாக வந்தாள், கையில் துணி மூடிய ஒரு தட்டு. அவளுடைய அண்ணன் அதைப் பூப்போல வாங்கி முன்சீட்டில் வைத்தார். இரண்டு பேரும் தலையோடு தலை முட்ட ஏதோ பேசினார்கள். அண்ணி ஒருமுறை மாடியை நிமிர்ந்து பார்த்தாள். சின்னு சட்டென்று திரைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

அன்று மாலை அண்ணி குளிக்கப் போன சமயத்தில் மெஷின்கள் இருந்த கூடத்துக்குள் போய் மூன்றாம் மெஷினின் தட்டுகளை எண்ணினாள். ஆயிரத்து நூற்று எண்பது. இன்னொரு தடவை எண்ணினாள். அதே ஆயிரத்து நூற்று எண்பது. இருபது முட்டை குறைந்தது.

எல்லாம் வரிசையாக வந்து பொருந்தியது. நல்ல முட்டைகள் அங்கே போகின்றன. போன தொகுதியிலும் போயிருக்கும், அவற்றுக்குப் பதிலாக ஏதோ உதவாத முட்டைகள் தட்டில் ஏறியிருக்கும். சிவப்பு வரி என்பது அதை மறைக்கக் கட்டிய கதை. கதையைக் கட்டியவளுக்குக் கோப்பு ஒன்று ஓடிக்கொண்டிருப்பது தெரியாது. சின்னுவுக்கு அதில் ஒரு திருப்திகூட இருந்தது. அதன்பிறகு கண்கொத்திப் பாம்பாக அண்ணியைப் பார்த்தாள். அண்ணி போனில் குரலைத் தாழ்த்தினால் இவள் காதைத் தீட்டினாள். மூன்றாம் மெஷினின் கதவை அண்ணி அடிக்கடி திறந்து மூடுவது, கையை உள்ளே நீட்டிப் பார்ப்பது, நின்று யோசிப்பது எல்லாமே திருட்டுத்தனமாகத் தெரிந்தன.

பத்தாம் நாள், மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணி பேச்சை எடுத்தாள்.

"இன்னிக்கு மறுபடி வந்துச்சுங்க. பன்னெண்டு பத்துக்கு ஆரம்பிச்சு ஒரு மணி வரைக்கும். சிவப்பு வரி."

சின்னு இதற்காகத்தான் காத்திருந்தாள். எழுந்து போய்த் தன் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள்.

"இது இன்னிக்கு அந்த ஜன்னல்ல ஓடினது அத்தனையும். ஒரு வரி விடாம இருக்கு. அண்ணே, நீங்களே பாருங்க. பன்னெண்டு பத்து. மூணாவது மெஷின், முப்பத்தேழரை டிகிரி. பன்னெண்டு பதினொண்ணு, முப்பத்தேழரை. ஒரு மணி வரைக்கும் முப்பத்தேழரை. சிவப்பும் இல்ல, பச்சையும் இல்ல."

அண்ணன் குனிந்து பார்த்தார். அண்ணி பார்க்கவில்லை.

"இதை எப்ப ஆரம்பிச்ச?" என்று கேட்டாள்.

"எப்ப ஆரம்பிச்சா என்ன அண்ணி? நீங்க சொன்னது இதுல இல்லையே."

"அதுல இல்லன்னா நடக்கவே இல்லையா?"

"மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

அண்ணியின் முகம் வெளிறியது. "அப்ப எனக்குத் தெரியுமா?"

அந்த இடத்திலாவது சின்னு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வேனைப் பற்றிச் சொன்னாள், துணி மூடிய தட்டைப் பற்றிச் சொன்னாள், இருபது முட்டையைப் பற்றிச் சொன்னாள். அண்ணன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"முட்டை கொடுத்தியா?"

"கொடுத்தேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு முதல்ல கேட்டுட்டு அப்புறம் இப்படிப் பார்த்திருந்தா சொல்லியிருப்பேன்." அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து, இடுப்பில் செருகியிருந்த கூடத்துச் சாவியை மேஜையில் வைத்தாள். "நாளையிலேருந்து உன் கோப்பையே பார்த்துக்கச் சொல்லு சின்னு. நான் அந்தப் பக்கம் வரல."

சொன்னபடியே வரவில்லை. வீட்டில் சமைத்தாள், துவைத்தாள், அண்ணன் கேட்டதற்கு ஆம் இல்லை என்றாள். கூடத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அண்ணன் ராத்திரிப் பொழுதை அங்கே கழித்துவிட்டுப் பகலில் தூங்க வேண்டும். ஆகவே பகல் பொழுது சின்னுவின் தலையில் விழுந்தது. கம்பெனி வேலையைக் கூடத்திலேயே செய்துகொள்ளலாம் என்று கணினியோடு வந்து உட்கார்ந்தாள்.

முதல் நாள் வானம் மூட்டமாக இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. எதிர்பார்த்ததுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் காலையிலிருந்தே வெயில் கொளுத்தியது. தகரக் கூரை டப் டப்பென்று விரிந்து சத்தம் போட்டது. பன்னிரண்டு மணி எட்டு நிமிடம் இருக்கும். சின்னு ஏதோ ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். கண்ணின் ஓரத்தில் ஏதோ மாறியது. நிமிர்ந்தாள்.

கறுப்பு ஜன்னலில் சிவப்பாக ஒரு வரி. சென்சார் பதில் தரவில்லை என்று இருந்தது, கடைசியில் மூன்று. அதன்கீழே வழக்கமான வெள்ளை வரி: மூன்றாம் மெஷின், முப்பத்தேழரை, ஹீட்டர் ஓடுகிறது. அடுத்த நிமிடம் மறுபடி சிவப்பு. மறுபடி வெள்ளை. அதே முப்பத்தேழரை.

தன் கணினியில் கோப்பைத் திறந்தாள். பன்னிரண்டு எட்டு, வெள்ளை வரி இருந்தது. பன்னிரண்டு ஒன்பது, இருந்தது. சிவப்பு வரி மட்டும் இல்லை. ஒரு கண்ணால் திரையையும் இன்னொரு கண்ணால் கோப்பையும் பார்த்தபடி அவள் அடுத்த நிமிடத்துக்காகக் காத்திருந்தாள். சிவப்பு திரையில் வந்தது, கோப்பில் வரவில்லை.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு புரோகிராமுக்கு வாய் இரண்டு. சாதாரணமாகப் பேச ஒன்று, தவறு நடந்தால் கத்துவதற்கு ஒன்று. இரண்டும் ஒரே திரையில் வந்து விழுவதால் பார்க்கிறவர்களுக்கு ஒரே வாய் போலத் தெரியும். அவள் கோப்புக்குக் குழாய் போட்டது முதல் வாய்க்கு மட்டும். கத்துகிற வாயை அப்படியே விட்டிருந்தாள். சென்சாரோடு பேசுவதற்காக அவள் வேறு யாரோ எழுதிய ஒரு துண்டை எடுத்துப் புரோகிராமில் சேர்த்திருந்தாள். அது கத்தினால் சிவப்பில் கத்தும் என்பது அவளுக்கே தெரியாது. அவள் சோதித்துப் பார்த்த நாட்களில் அது ஒருமுறைகூடக் கத்தவில்லை. தொழில் பழகுகிறவர்களே செய்யக் கூசும் பிழை இது.

எழுந்து ஓடி மூன்றாம் மெஷினின் கதவைத் திறந்தாள். அனல் முகத்தில் அறைந்தது. உள்ளே தட்டின் மூலையில் கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்று நூலில் கட்டித் தொங்கியது. அவள் வைத்ததல்ல, அண்ணன் வைத்ததாகவும் நினைவில்லை. நாற்பது டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தாள். கதவை விரியத் திறந்துவைத்துவிட்டு, ஓர் அட்டையை எடுத்து விசிறினாள், கை வலிக்கும் வரை விசிறினாள்.

சூடு இறங்கிய பிறகு தரையில் உட்கார்ந்து தன் புரோகிராமைத் திறந்து படித்தாள். அவளே எழுதிய வரிதான். சென்சார் பதில் சொல்லாவிட்டால் கடைசியாகச் சொன்ன எண்ணையே வைத்துக்கொள். ஒரு நிமிடம் பதில் வராததற்கு ஊரைக் கூட்ட வேண்டாம் என்று நினைத்து எழுதியது. ஆனால் நாற்பது ஐம்பது நிமிடம் பதில் வராவிட்டால்? கடைசியாக முப்பத்தேழரை என்று சொல்லிவிட்டுச் சென்சார் ஊமையாகியிருந்தது. தேவையானதைவிட அது ஒரு துளி குறைவு. ஆகவே ஹீட்டரும் நிற்காமல் ஓடியது. அண்ணன் முன் காட்டிய கோப்பைத் திறந்து மறுபடி பார்த்தாள். ஐம்பது வரி, ஐம்பதிலும் முப்பத்தேழரை, ஐம்பதிலும் ஹீட்டர் ஓடுகிறது. உண்மையான சூடு ஒருபோதும் அப்படி அசையாமல் நிற்காது, மேலும் கீழுமாகத் துள்ளும். அன்றைக்கு அதைத்தான் ஆதாரம் என்று மேஜையில் வைத்தாள்.

அண்ணனை எழுப்பிக்கொண்டு வந்தாள். அவர் ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். சென்சாரின் கம்பி நீளம் போதாமல் போன வருடம் அவரே முறுக்கி ஒட்டுநாடா சுற்றிய இணைப்பு ஒன்று தகரக் கூரையை ஒட்டிக் கிடந்தது. வெயில் ஏறினால் நாடா இளகி இணைப்பு விட்டுப்போகும். சூடு தணிந்தால் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

"நான்தான் சுத்தினேன்" என்றார் அண்ணன் ஏணியின் மேலிருந்து. வெகுநேரம் இறங்கவில்லை.

அண்ணி பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சின்னு போய் எதிரில் நின்றாள்.

"சிவப்பு வரி வந்துச்சு அண்ணி. நானே பார்த்தேன்."

அண்ணி மடிப்பதை நிறுத்தவில்லை. "மெஷினை அணைச்சியா?"

"அணைச்சேன். நாப்பதுக்கு மேல போயிருந்துச்சு. அந்தத் தெர்மாமீட்டர்…"

"எங்கண்ணன் கொடுத்தது. மூணாம் நாள் வந்தாருல்ல, அப்ப. சிவப்பு வரி வந்த அன்னிக்கு அதுவும் ஏறிச்சு, கதவைத் திறந்து வச்சு ஆத்தினேன், அதைச் சொல்றதுக்குள்ள நீ கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வந்துட்ட." துணியைக் கீழே வைத்தாள். "நீங்க ரெண்டு பேரும் நம்பல. அதான் அவரைக் கூப்பிட்டேன். முட்டை கெட்டதா, மெஷின் கெட்டதான்னு பார்க்கணும், இருபது முட்டையை எங்கிட்டக் கொடு, என் மெஷின்ல வைக்கறேன்னார். நேத்து முட்டைக்குள்ள தெரியற மாதிரி லைட் அடிச்சுப் பார்த்தாராம். இருபதுல பத்தொம்போது உயிரோட இருக்கு. முட்டைமேல ஒரு தப்பும் இல்ல."

"எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே அண்ணி."

"உங்கண்ணனுக்கு எங்கண்ணன் பேரைச் சொன்னாலே மூஞ்சி சுருங்கும். முடிவு தெரிஞ்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ சொல்லிட்ட."

சின்னு மன்னிப்புக் கேட்டாள். தன் புரோகிராமில் எங்கே தவறு, கோப்பில் ஏன் அந்த வரி விழவில்லை என்று விளக்கத் தொடங்கினாள். அண்ணி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதெல்லாம் சரி. அந்தக் கோப்பு எங்க இருக்கு, எப்படித் திறக்கறதுன்னு எனக்கும் காட்டு. என்னைப் பத்தி எழுதற நோட்டு எனக்குத் தெரியாம இருக்கக் கூடாது."

மறுநாள் காலையில் காட்டினாள். அதற்குள் இரண்டு வாயும் ஒரே கோப்பில் விழும்படி செய்திருந்தாள். சென்சார் இரண்டு நிமிடம் பேசாவிட்டால் ஹீட்டர் நின்று மணி அடிக்கும். அண்ணன் கம்பியை முழுதாக மாற்றிவிட்டார். அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோப்புகளின் பட்டியலைப் பார்த்தாள். விரல் மேலிருந்து கீழே இறங்கி, மறுபடி முதல் கோப்புக்கே போய் நின்றது.

"இது முட்டை அடுக்கின அன்னிக்குத் தேதி."

"ஆமா."

"அன்னிக்கு நாம மூணு பேரும் சேர்ந்துதான் அடுக்கினோம். நீ தட்டை எடுத்துக் கொடுத்த, நான் வாங்கி வச்சேன். சிரிச்சுப் பேசிட்டிருந்தோம்."

"வேணும்னா அந்தப் பழைய கோப்பையெல்லாம் அழிச்சிடறேன் அண்ணி" என்றாள் சின்னு.

"அழிக்காத. இருக்கட்டும்." அண்ணி கண்ணாடியைக் கழற்றினாள். கூடத்துச் சாவியைத் தானே எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மூன்றாம் மெஷினில் அந்த முறை எழுநூற்று நாற்பது குஞ்சுகள் பொரிந்தன. அண்ணியின் அண்ணன் தன்னிடம் பொரிந்த பத்தொன்பதையும் அட்டைப்பெட்டியில் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் வாசல் வரை போய் அவரை உள்ளே கூப்பிட்டார். சாப்பிடும்போது இரண்டு பேரும் இணைப்புக் கம்பிகளைப் பற்றியே பேசினார்கள்.

அண்ணியும் சின்னுவும் பழையபடி ஆக அதைவிட நாளானது. பல வாரங்கள் அண்ணி எதைச் சொன்னாலும், "கோப்புல விழுந்துச்சா?" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வாள். பால் தீர்ந்துபோச்சு, கோப்புல விழுந்துச்சா. எனக்குத் தலைவலி, கோப்புல விழுந்துச்சா. அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பார். சின்னுவும் சிரிப்பாள், ஆனால் ஒவ்வொரு தடவையும் காது மடல் சூடாகும். ஒரு நாள் அண்ணி அதைச் சேர்க்காமலேயே, முதல் மெஷினில் விசிறிச் சத்தம் சரியில்லை என்று கூடத்திலிருந்து கத்தினாள். சின்னு கணினியை மூடி வைத்துவிட்டுப் படியிறங்கி ஓடினாள்.